9886-ஆம் நம்பர் ஸ்பீக்கர்

அத்தியாயம் 7

தலைமையாசிரியை போலீஸ் புகாரை எழுதி முடித்து, எழுத்துப்பிழை ஏதும் இருக்கிறதா என்று இரண்டாம் முறை பார்த்துக்கொண்டிருந்தபோது மணி இரண்டு. ஐந்து மணிக்கு அதை ஸ்டேஷனில் கொடுப்பதாக முடிவு. அவர் முடிவெடுத்தால் எடுத்ததுதான் என்பது எதிரே சோபாவின் நுனியில் கைகட்டி உட்கார்ந்திருந்த ரேடியோவுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் அவனைக் கணக்கில் ஃபெயிலாக்கியவர் அவர்தான்.

முப்பத்தாறு வயது ஆளுக்கு ரேடியோ என்று பெயர் வாங்கிக் கொடுத்தது அவன் வாய். வேனில், கடையில், பல் டாக்டரின் நாற்காலியில்கூட ஓயாத வாய் அது. அப்படிப்பட்ட வாய் இந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து தண்ணீர் கேட்கக்கூடத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த அண்ணி அதை நன்றாக ரசித்துக்கொண்டிருந்தாள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் பொய் விபத்துகளைப் பிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள் அவள். ஆபீஸ் என்றால் ஒரு மேஜை, ஒரு டெலிபோன், ஒரு பழைய வேன். வேனை ஓட்டுவதும் வழியெல்லாம் பேசுவதும் கொழுந்தன் பொறுப்பு.

வழக்கு இதுதான். டீச்சரின் அப்பா ஸ்பீக்கர் செய்தவர். டெலிபோனின் காதுக் கருவியை ஒரு பெரிய குழலுக்கு அடியில் பொருத்திவிட்டு, மூக்கடைத்தவன் பேசுவது போல வந்த சத்தத்தையே அதிசயம் என்று ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போது அவருடைய பட்டறையில், ஒரு காகிதக் கோனின் கழுத்தில் மெல்லிய செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றி, அதை ஒரு இரும்புக் குடத்தின் வாயில் தொங்கவிட்டு, இருநூறு பேர் உட்கார்ந்த கூடத்தில் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கும்படி பேச வைத்தார்கள். இந்த ஊருக்கு அது முதல் தடவை. அந்த முதல் யூனிட் இத்தனை வருஷமும் இந்த வீட்டு அலமாரியில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை இன்ஜினியரிங் கல்லூரியில் திறக்கப்போகும் காட்சிக்கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், அப்பாவின் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டோடு அதை வைக்க ஏற்பாடாகியிருந்தது.

வைப்பதற்கு முன் தூசி தட்டட்டும் என்று டீச்சர் அதை ஸ்பீக்கர்காரரிடம் கொடுத்தார். அப்பாவின் பட்டறையில் மிச்சமிருக்கும் ஒரே ஆள் அவர். முப்பது வருஷம் இந்த வீட்டிலேயே சாப்பிட்டவர். பத்து நாளில் திரும்பி வந்த யூனிட்டைச் சோதித்துப் பார்த்த கல்லூரிப் பேராசிரியர், தொண்டையைச் செருமிக்கொண்டு, இது அந்த யூனிட்தானா என்று சந்தேகமாக இருக்கிறது என்றார்.

சந்தேகத்துக்கு இரண்டு காரணம். அப்பாவின் நோட்டுப் புத்தகத்தில் முதல் யூனிட்டுக்கு நேராக 9886 என்று ஒரு நம்பர் இருந்தது. யூனிட்டின் மேல் அப்படி எந்த நம்பரும் இல்லை. அடுத்தது, பட்டறையின் விதி என்று அதே நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: காயிலின் தொடக்க முனை சிவப்புத் திருகாணிக்குப் போகவேண்டும், டார்ச் பேட்டரியின் பிளஸை அதில் தொட்டால் கோன் முன்னால் வரவேண்டும். இந்தக் கோன் பின்னால் போனது.

"வித்துட்டார்," என்றார் டீச்சர். "பழைய சாமான் சேர்க்கிறவங்க கையில அசல் போயிருக்கு. அது யார் கையிலன்னு நீங்க கண்டுபிடிச்சுக் குடுங்க. அந்த ஆளை போலீஸ் பார்த்துக்கும்."

போன மாதம் வரை அவரை அண்ணே என்று கூப்பிட்டவர், இப்போது 'அந்த ஆள்' என்றார். சொல்லும்போது குரல் லேசாக உடைந்தது. திருடு போனது ஸ்பீக்கர் மட்டுமில்லை என்று ரேடியோவுக்கே புரிந்தது.

நோட்டை அவர் ஒரு பழைய தோல் கைப்பையிலிருந்து எடுத்தார். அது அவருடைய அம்மாவின் பை. அம்மா போன பிறகு வீட்டு முக்கியக் காகிதமெல்லாம் அதில்தான். உள்பக்கம் துணியைப் போல மெத்தென்ற மெல்லிய தோல் வைத்துத் தைத்திருந்தது. அதில் நாலு இடத்தில் நீலத் துணி ஒட்டு. எலி கடித்துவிட்டதாக அம்மா சொல்லி ஒட்டுப் போட்டிருந்தாராம். ஒட்டுகள் நாலும் பிறை வடிவத்தில், ஒரே அளவில் இருந்தன.

ரேடியோவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அண்ணியின் காதருகே சாய்ந்து, "எலிகிட்ட காம்பஸ் பாக்ஸ் இருந்திருக்கும்போல," என்றான்.

"இருந்திருக்கும்," என்றார் டீச்சர் நோட்டிலிருந்து தலை நிமிராமல். "உன்னைவிட ஒழுங்கா வரைஞ்சிருக்கு."

அவன் மறுபடி கைகட்டிக்கொண்டான்.

அண்ணி யூனிட்டை வாங்கி மேஜையில் வைத்துப் பார்த்தாள். பொருள் நல்ல கனம். ஒரு குண்டூசியை இரும்புக் குடத்தின் மேல் வைத்தாள். ஒட்டவில்லை, சரிந்து விழுந்தது. இந்தக் காலத்து ஸ்பீக்கரில் காந்தம் எப்போதும் காந்தம்தான். அந்தக் காலத்தில் அவ்வளவு பலமான காந்தம் கிடைக்கவில்லை. குடத்துக்குள் இன்னொரு பெரிய காயிலை வைத்து, அதற்குக் கரண்ட் கொடுத்துத்தான் காந்தமாக்கினார்கள். அந்தக் கரண்டைக் கொடுக்கும் பெட்டியிலிருந்து யூனிட்டுக்கு வரும் பிளக்கில் ஒரு முள் தடிமன், ஒரு முள் மெலிசு. மாற்றிச் சொருகிக் கோனைத் திசை திருப்ப வழியில்லை. அண்ணி அதைச் சொருகி ஸ்விட்சைப் போட்டாள். குண்டூசி துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை பார்க்கக் குனிந்த ரேடியோவின் கையிலிருந்த வேன் சாவிக்கொத்தும் கூடவே போனது.

பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாள். பேராசிரியர் சொன்னது சரிதான். கோன் 'டப்' என்று பின்னால் போனது.

கோனின் விளிம்பைச் சுற்றி, அது தடையில்லாமல் அசைவதற்காக, மெல்லிய தோலில் ஒரு வளையம் ஒட்டியிருந்தது. அண்ணி அதை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்தாள். பிறகு, ஐந்து மணிவரை புகாரைக் கொடுக்கவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்தாள். ஐந்து என்றால் ஐந்து என்றார் டீச்சர்.

வேன் தெருமுனை திரும்பியதும் ரேடியோவுக்கு உயிர் வந்தது. அடைத்து வைத்த ஒன்றரை மணி நேரப் பேச்சையும் மூன்று நிமிஷத்தில் கொட்டித் தீர்த்தான். அண்ணி குறுக்கே ஒரு கேள்வி போட்டாள்.

"தம்பி, நீ ஒரு திருடன்னு வெச்சுக்கோ."

"வெச்சுக்கவே வேண்டாம் அண்ணி. இது அண்ணன் சட்டைதான்."

"அசலை வித்துட்டு வேற ஒண்ணைப் பெட்டியில வெக்கிற. உனக்கு அம்பது வருஷமா இதே தொழில். பேட்டரியைத் தொட்டா கோன் பின்னால போகுதுன்னு பார்க்கிற. என்ன பண்ணுவ?"

"ரெண்டு கம்பியையும் மாத்திப் போட்டுடுவேன். ரெண்டு நிமிஷ வேலை." சொன்ன பிறகுதான் அவன் கால் தானாக பிரேக்குக்குப் போனது. "அவர் மாத்தலையே அண்ணி."

"மாத்தலை. இந்தக் காலத்து யூனிட் ஒண்ணைக் கொண்டுவந்தும் வெக்கலை. உலகத்துல இவ்வளவு சோம்பேறித் திருடனை நான் பார்த்ததில்லை."

ஸ்பீக்கர்காரரின் கடை, ஒரு சைக்கிள் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில், அகலம் குறைந்து நீளம் கூடிய ஒரு அறை. சுவரெல்லாம் கிழிந்த கோன்கள் மாட்டியிருந்தன. பசை டப்பா, கம்பிச் சுருள்கள், நடுவில் நீள மேஜை. மேஜையின் மேல் கையால் சுற்றும் காயில் மெஷின்: ஒரு தண்டு, அதன் முனையில் கைப்பிடி, எத்தனை சுற்று என்று காட்ட நாலு இலக்க மீட்டர். முதலாளியான டீச்சரின் அப்பா பட்டறையை மூடியபோது கேட்டு வாங்கி வந்த ஒரே பொருள் அது என்று பிறகு தெரிந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். இந்தப் பக்கத்து ஸ்டூல் தேய்ந்து பளபளத்தது. அந்தப் பக்கத்து ஸ்டூலின் மேல் மட்டும் ஒரு சுத்தமான துணி விரித்திருந்தது.

அறுபத்தெட்டு வயது ஸ்பீக்கர்காரர் அவர்கள் யார், எதற்கு வந்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. டீ வரவழைத்தார். "பாப்பா மத்தியானம் சாப்பிட்டாளா?" என்று கேட்டார். ஐம்பத்தைந்து வயது தலைமையாசிரியையைப் பாப்பா என்று சொல்லக்கூடிய மனிதர் பூமியில் இருக்கிறார் என்பதே ரேடியோவுக்குப் புதுச் செய்தி.

மற்றபடி அவர் வாயிலிருந்து ஒன்றும் பெயரவில்லை. மாற்றவில்லை, விற்கவில்லை, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அண்ணி முன்வாசல், பின்வாசல், சன்னல் என்று எல்லா வழியிலும் கேட்டுப் பார்த்தாள். மனிதர் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ரேடியோவுக்குக் கால் கடுத்தது. டீ தம்ளரோடு மேஜையைச் சுற்றிப் போய், துணி விரித்த ஸ்டூலில் உட்கார்ந்தான். கை சும்மா இருக்குமா? எதிரே இருந்த கைப்பிடியை இடது கையால் மூன்று சுற்றுச் சுற்றினான். மீட்டரைப் பார்த்தான்.

"அண்ணி, மூணே மூணு சுத்துதான் சுத்தினேன். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு காட்டுது. என் வேகம் எனக்கே இன்னைக்குத்தான் தெரியுது."

"அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க," என்றார் ஸ்பீக்கர்காரர். அதுவரை இல்லாத வேகம் அந்தக் குரலில் இருந்தது.

அண்ணி டீயைக் கீழே வைத்தாள். மேஜையைச் சுற்றி வந்து, மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, முதலில் இந்தப் பக்கம் நின்று வலது கையால் சுற்றினாள். 0001, 0002, 0003. மறுபடி பூஜ்யம். அந்தப் பக்கம் போய் இடது கையால் சுற்றினாள். 9999, 9998, 9997. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சுற்றினால் தண்டு எதிர்ப்பக்கமாகச் சுழல்கிறது. மீட்டர் பூஜ்யத்திலிருந்து பின்னோக்கி ஓடுகிறது.

"தம்பி, பத்தாயிரத்துல ஒன்பதாயிரத்து எண்ணூத்தி எண்பத்தாறு போனா எவ்வளவு?"

ரேடியோ பென்சிலைத் தேடி, சுவரில் எழுதிக் கழித்து, விரல்விட்டுச் சரிபார்த்தான். நூற்றுப் பதினாலு வந்தது.

"ஐயா, அந்த யூனிட்டோட காயில்ல எத்தனை சுத்து?"

ஸ்பீக்கர்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். "நூத்திப் பதினாலு," என்றார்.

9886 என்பது யூனிட்டின் நம்பரே இல்லை. யாரோ இடது கையால் நூற்றுப் பதினாலு சுற்றுச் சுற்றி, மீட்டர் காட்டியதை வாசிக்க, முதலாளி அப்படியே எழுதிக்கொண்டார். சுற்று எதிர்ப்பக்கமாகப் போனதால், தொடக்க முனையை விதிப்படி சிவப்பில் மாட்டியும் கோன் பின்னால் போகிறது. நோட்டும் யூனிட்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன.

"யார் அந்தக் கை?" என்று அண்ணி கேட்டாள்.

ஸ்பீக்கர்காரர் டீ தம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். இதைச் சொல்லாவிட்டால் ஐந்து மணிக்குப் புகார் போய்விடும் என்று அண்ணி நினைவூட்டினாள்.

"போகட்டும்," என்றார் அவர். "நான் திருடலைன்னு எனக்குத் தெரியும். தகட்டுல அப்பா பேரைப் பார்க்கணும்னு பாப்பா அத்தனை ஆசையா இருக்கா. நான் வாயைத் திறந்தா அது போயிடும்."

ரேடியோ ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். துணியை நீவிச் சரிசெய்தான். செய்யாத திருட்டுக்கு ஸ்டேஷன் படியேறத் தயாராக ஒரு மனிதர் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஜோக் ஒன்றும் வரவில்லை.

"கம்பியை மாத்திப் போட்டிருந்தா பேராசிரியர் பேசாம போயிருப்பாரே," என்றாள் அண்ணி.

"அது அவங்க கை வேலை. அதுல நான் கை வெக்கலாமா?"

"சரி, உங்க முதலாளி இப்ப இருந்தா என்ன சொல்லுவார்?"

ஸ்பீக்கர்காரர் யோசித்தார். "முதலாளி பொய் எழுத மாட்டார். ஆனா யாரும் கேக்காததைச் சொல்லவும் மாட்டார்."

"இப்ப நான் கேக்கிறேன்," என்றாள் அண்ணி.

அவர் ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வேன் டீச்சர் வீட்டு வாசலில் நின்றது. டீச்சர் செருப்பு மாட்டி, கைப்பையோடு படியில் தயாராக இருந்தார். ஸ்பீக்கர்காரரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணி யாரையும் பேசவிடாமல் எல்லோரையும் உள்ளே கூட்டிப் போனாள். யூனிட்டின் மேல் ஒரு செய்தித்தாளைப் போட்டு, தோல் வளையத்தின் ஒரு துண்டைப் பென்சிலால் நகலெடுத்து, கத்தரித்தாள். வளையம் ஒரே துண்டு இல்லை, நாலு பிறை. காகிதப் பிறையைக் கைப்பைக்குள் நீல ஒட்டின் மேல் வைத்தாள். நூல் பிசகாமல் பொருந்தியது.

"அசல் எங்கேயும் போகலை டீச்சர். இதுதான் அது. கிளம்பின இடம் உங்க கைப்பை."

டீச்சர் ஒட்டைத் தடவினார். "அப்ப எலி?"

"எலியை விட்டுடலாம்," என்றாள் அண்ணி. மீட்டரின் கதையைச் சொன்னாள். 9886, பின்னோக்கி ஓடிய நூற்றுப் பதினாலு, எதிர்ப்பக்கத்து ஸ்டூல், இடது கை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டீச்சரின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியில் சாய்ந்தது. அப்பா வலது கைக்காரர். அந்த வீட்டில் கரண்டி, கத்தரிக்கோல், ஊசி எல்லாவற்றையும் இடது கையில் எடுத்தவர் ஒரே ஒருவர்தான்.

"அம்மாவா?" என்றார். "அம்மாவுக்கு பிளக் சொருகவே பயம்."

"அது அப்புறம் வந்த பயம்," என்றார் ஸ்பீக்கர்காரர் மெதுவாக. "ஒரு தடவை ஷாக் அடிச்சுது. அதுக்கு முன்னால அவங்களுக்கு எதுக்கும் பயமில்லை."

பிறகு அவரே சொன்னார். முதலாளிக்கு விரல் தடிமன். தலைமுடி மாதிரிக் கம்பி மூன்று மாசம் அறுந்துகொண்டே இருந்தது. நாலாவது மாசம் அம்மா வந்து எதிர்ப்பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். முதல் தடவையே நூற்றுப் பதினாலும் அறாமல் வந்தது. கோனின் விளிம்புக்கு ரப்பர் வைத்தார்கள், துணி வைத்தார்கள், இரண்டும் விறைத்துக்கொண்டு சத்தத்தை நெரித்தன. ஒரு நாள் அம்மா கைப்பையின் உள்தோலைக் கத்தரித்து எடுத்து வந்தார். அன்றைக்குத்தான் அது பேசியது. பெண்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சுற்றியது என்று தெரிந்தால் எந்த சினிமாக் கொட்டகைக்காரன் வாங்குவான் என்று வெளியில் சொல்லவேண்டாமென்றவரும் அம்மாவேதான். முதலாளி அதற்குப் பிறகு எத்தனையோ காயில்களை வேறு ஆள் வைத்துச் சுற்றினார். இந்த ஒன்றை மட்டும் யாருக்கும் விற்கவில்லை.

டீச்சர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடிகாரம் ஐந்து அடித்தது, யாரும் எழுந்திருக்கவில்லை.

"நாலாங்கிளாஸ்ல அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து பதிவேட்டுல கையெழுத்துப் போட்டாங்க," என்றார் கடைசியில். "இடது கையால. பிள்ளைங்க சிரிச்சாங்க. இனிமே என் பள்ளிக்கூடத்துக்கு வராதேன்னு சொன்னேன். வரவே இல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகையை மறைக்க அவர் முயலவில்லை.

பிறகு கைப்பையிலிருந்து புகாரை எடுத்து, நாலாக மடித்துக் கிழித்தார். ஸ்பீக்கர்காரரிடம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லாதவருக்கு வார்த்தை கிடைக்கச் சற்று நேரமாயிற்று.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"இல்லை பாப்பா."

"கையைக் கழுவுங்க," என்றார் டீச்சர். அது தலைமையாசிரியையின் உத்தரவுதான். ஆனால் ஸ்பீக்கர்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

அடுத்து ரேடியோவின் முறை. "பத்தாயிரத்துல கழிச்சது யாரு?"

"நான்தான் டீச்சர்."

"கடன் வாங்கித்தானே கழிச்ச?"

"நாலு இடத்துல வாங்கினேன் டீச்சர்."

"பரவாயில்லை. லேட்டானாலும் பாஸ்."

இருபத்திரண்டு வருஷம் கழித்து வந்த அந்த மார்க்கை வாங்கிக்கொண்டு அவன் அண்ணியைப் பெருமையாகப் பார்த்தான். அண்ணி வேண்டுமென்றே சன்னலைப் பார்த்தாள்.

டீச்சர் பேராசிரியருக்குப் போன் போட்டார். யூனிட் அசல்தான் என்றும், தகட்டில் இரண்டு பெயர் வரவேண்டும், முதலில் அம்மா, அடுத்து அப்பா என்றும் சொன்னார். அந்தப் பக்கம் கேள்விமேல் கேள்வியாக வந்திருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கடைசியில் பேராசிரியர் ஒரு யோசனை சொன்னார் போலிருந்தது. கம்பியை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டால் விதிப்படி கோன் முன்னால் வரும், பார்க்கிறவர்களுக்குக் குழப்பமிருக்காது என்பது அது.

சாப்பாட்டு மேஜையில் ஸ்பீக்கர்காரரின் கை நின்றது.

"வேண்டாம் சார்," என்றார் டீச்சர். "அது எங்கம்மா சுத்தினது. அப்படியேதான் இருக்கணும்."